படுத்துக் கிடக்கும் மலை

என் தங்கை மகன் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பேவ்மென்ட் டிசைன்ல போட்டிருக்காங்க மாமா" என்று தொலைபேசியில் சொன்னான். அதை அப்படியே தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் தொங்கிப்போனது. வளையலை அடகு வைத்து மேல்படிப்புக்கு அனுப்பிய பிள்ளை, கடல் கடந்து போய் பிளாட்பாரம் போடுகிறானா என்று இரண்டு நாள் புலம்பினாள். நமக்கு பேவ்மென்ட் என்றால் நடைபாதை. பழைய புத்தகக் கடையும் கையேந்தி பவனும் இருக்கும் இடம். அமெரிக்கர்களுக்கோ வண்டி ஓடும் சாலையேதான் பேவ்மென்ட். மேலே தெரியும் தார்த்தளமும், கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஜல்லி அடுக்குகளும் சேர்ந்து அந்தப் பெயர்.

பத்து ஆண்டு கழித்து ஓர் அக்டோபரில், வர்ஜீனியா மாநிலத்து ஹெர்ண்டனில் அவன் வீட்டில் போய் இறங்கினேன். இலைகள் நிறம் மாறும் பருவம். ஊரே மலையைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவனும் ஒரு திட்டம் வைத்திருந்தான்.

"நேச்சுரல் பிரிட்ஜ் போறோம் மாமா. போற வழியில நாலு மைல் ரோடு ஒண்ணு இருக்கு. அதையும் காட்டறேன்."

"ரோட்டையாடா காட்டப் போற?"

"வந்து பாருங்க. உங்க வீட்டுப் படி ஞாபகம் வரும்."

அந்த ஒரு சொல்லில் என்னை மடக்கிவிட்டான். சென்னையில் அப்பா 1980களில் கட்டிய வீடு எங்களுடையது. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் நாங்கள் பேசினோம், படித்தோம், விழுந்து பல்லை உடைத்துக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாலை போட வருவார்கள். பழைய சாலையின் மேலேயே தாரும் ஜல்லியும் கொட்டி, ரோலர் ஓட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்படி மறைந்தது, பிறகு நடுப்படி, பிறகு மேல்படி. வீடு இறங்கவே இல்லை. தெருதான் ஏறி வந்தது. இன்றைக்கு வாசலும் தெருவும் ஒரே மட்டம். ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குவதுதான் எங்கள் வீட்டு முதல் வேலை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவன் வண்டியை ஓட்ட, நான் பக்கத்தில். பின் இருக்கையில் அவனுடைய ஏழு வயது மகள், மடியில் புளியோதரை டப்பாவுடன். 66ஆம் எண் நெடுஞ்சாலை மேற்கே ஓடி, ஸ்ட்ராஸ்பர்க் அருகே 81ஆம் எண்ணில் போய்ச் சேர்ந்து முடிகிறது. சேருமிடத்தின் எக்ஸிட் எண் 300. தென்கோடியில் டென்னசி மாநில எல்லையிலிருந்து எண்ணிவரும் மைல் கணக்கு அது. தெற்கே போகப் போக எண் குறையும். குழந்தை ஒவ்வொரு பலகையாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். 298, 296, 291.

இடப்பக்கம் மஸநட்டன் மலை, அதற்கு அப்பால் நீலமலைத் தொடர். வலப்பக்கம் அலிகனி மலைகள். நடுவே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு, நம் கம்பம் பள்ளத்தாக்கைப் போலப் பச்சையாக விரிந்து கிடக்கிறது. திராட்சைக்குப் பதில் ஆப்பிளும் சோளமும். மேய்ச்சல் வெளியில் கறுப்பு மாடுகள். மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன.

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சாலை புதிதல்ல. முதலில் பூர்வகுடிகள் நடந்த தடம். 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவிலிருந்து குடியேற வந்தவர்களின் குதிரை வண்டிகள் அதே தடத்தில் உருண்டன. அடுத்த நூற்றாண்டில் வின்செஸ்டருக்கும் ஸ்டான்டனுக்கும் இடையே சுங்கச் சாலை வந்தது. அது மெக்கடம் சாலை. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம் கண்ட முறை அது: பெரிய பாறைகளைப் பரப்பாமல், உடைத்த சிறு கற்களை மட்டும் அடுக்கி இறுக்குவது. ஒரு கல் 6 அவுன்ஸுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. அமெரிக்காவின் முதல் மெக்கடம் சாலை 1823இல் பக்கத்து மேரிலாந்து மாநிலத்தில் போடப்பட்டது. உள்நாட்டுப் போரில் படைகள் மேலும் கீழும் அலைந்தது இந்தப் பள்ளத்தாக்குச் சாலையில்தான். பழைய சாலை இன்று 11ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்குப் பக்கத்திலேயே 1960களில் 81 போடப்பட்டது. நியூ மார்க்கெட் என்ற ஊரில், 1864இல் படைக்கல்லூரி மாணவர்கள் சண்டையிட்ட களத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது.

கல்லை உடைத்து அடுக்குவதுதான் இன்றைக்கும் சாலை. "தார் ரோடுன்னு சொல்றோமே தவிர, தார் அதுல நூத்துக்கு அஞ்சு பங்குதான் மாமா. மிச்சம் தொண்ணூத்தஞ்சும் கல்லும் மணலும்" என்றான் மருமான். தார் வெறும் பசை. கல்தான் சுமை தாங்குகிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே எங்களைச் சுற்றி லாரிகள். முன்னால் லாரி, பின்னால் லாரி, வலப்பக்கம் ரயில் போல வரிசையாக லாரிகள். வர்ஜீனியாவுக்குள் 81ஆம் எண் 325 மைல் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் லாரிப் பயணங்கள். சரக்கோடு சேர்த்து ஒரு லாரிக்கு அனுமதிக்கப்பட்ட எடை 80,000 பவுண்டு, சுமார் 36 டன். பெரும்பாலும் வலது தடத்திலேயே போகின்றன.

"சாலையைக் கெடுக்கறது கார் இல்ல, லாரிதான். எவ்வளவு வித்தியாசம்னு நினைக்கறீங்க?"

"கார் மாதிரி இருபது மடங்கு எடை. அப்ப இருபது மடங்கு சேதம்."

சிரித்தான். 1958 முதல் 1960 வரை இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே ஒரு சோதனை நடத்தினார்கள். வெவ்வேறு கனத்தில் சாலைத் துண்டுகளைப் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து இரவும் பகலும் லாரி ஓட்டினார்கள். கடைசிவரை தாங்கிய துண்டுகளின் மேல் பத்து லட்சத்துக்கும் அதிகமான முறை அச்சுகள் ஏறி இறங்கின. கிடைத்த பாடம்: அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கில், முழுச் சுமையோடு வரும் லாரியின் ஓர் அச்சு, காரின் அச்சைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு சேதம் செய்யும். நம் ஊரில் எம்-சாண்ட் ஏற்றி, மேலே இன்னும் இரண்டு டன் கொட்டிக்கொண்டு போகும் டிப்பர்கள் என் கண்முன் வந்து போயின.

ஹாரிசன்பர்க் தாண்டி, ஸ்டான்டன் நெருங்கியது. ஊர்ப் பெயரின் எழுத்தில் ஒரு 'யு' இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1856இல் பிறந்த ஊர். மாநிலங்களின் சாலைப் பணிக்கு மத்திய அரசு பணம் கொடுக்கலாம் என்ற அமெரிக்காவின் முதல் சட்டத்தில் 1916இல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நாங்கள் பார்க்கப் போகும் சாலை அவர் பிறந்த ஊரின் காலடியில் இருந்தது பொருத்தம்தான்.

221இல் கிழக்கிலிருந்து 64ஆம் எண் நெடுஞ்சாலையும் வந்து 81உடன் கலந்துவிடுகிறது. அங்கிருந்து முப்பது மைலுக்கு ஒரே சாலைக்கு இரண்டு எண், இரண்டு திசை. பலகை 'தெற்கு' என்றும் சொல்கிறது, 'மேற்கு' என்றும் சொல்கிறது. இரண்டு நெடுஞ்சாலைகளின் பாரமும் ஒரே முதுகில்.

"டூ ஸெவன்டீன்!" என்று கத்தினாள் குழந்தை.

"இப்பப் பாருங்க மாமா."

பார்த்தேன். சாம்பல் நிறச் சாலை. வெள்ளைக் கோடு. சோளக்காடு. வண்டி அதிராமல் போனது. வேறு ஒன்றும் இல்லை. நான்கு நிமிடத்தில் 213 வந்துவிட்டது.

"எங்கடா?"

"அவ்வளவுதான். தாண்டிட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. லூரே சுண்ணாம்புக் குகையைப் பார்க்காமல் விட்டுவிட்டு இதற்கா வந்தோம்? அவனோ தீபாவளிச் சட்டை காட்டும் பையனைப் போலப் பூரித்திருந்தான். கிரீன்வில் ஊருக்குள் இறங்கி, 11ஆம் எண் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, புளியோதரையைப் பிரித்துக்கொண்டு கதையைச் சொன்னான்.

தெற்கு நோக்கிய இந்த 3.66 மைல் சாலை 1960களின் கடைசியில் போட்டது. நாளுக்கு ஏறத்தாழ 23,000 வண்டிகள். அதில் நூற்றுக்கு 28 லாரி. வலது தடம் ஓயாமல் கெட்டது. ஒட்டுப் போட்டார்கள், மேலே புதுத் தளம் போட்டார்கள். திரும்பத் திரும்ப வெடித்தது. நோய் அடியில் இருந்தது, மருந்து மேலே தடவிக்கொண்டிருந்தார்கள். முழுவதும் தோண்டியெடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவதென்றால் செலவும் அதிகம், காலமும் அதிகம். தேசத்தின் சரக்குப் பாதையை அவ்வளவு நாள் அடைக்க முடியாது. 2011இல் வர்ஜீனியா போக்குவரத்துத் துறை வேறு வழியில் போனது. பழைய சாலையையே எடுத்து, அதே இடத்தில் புதுச் சாலை செய்தார்கள். ஒரே நெடுஞ்சாலை வேலையில் மூன்று விதமான மறுபயன்பாட்டு முறைகளைச் சேர்த்துச் செய்தது அமெரிக்காவில் அதுதான் முதல்முறை. ஒப்பந்தத் தொகை 76 லட்சத்து 40 ஆயிரம் டாலர்.

மூன்று முறையையும் அவன் டப்பா மூடியில் சோற்றை அடுக்கிக் காட்டினான்.

லாரி ஓடும் வலது தடத்தில் முதலில் மேலே இருந்த தார்க்கலவையைப் பத்து அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள். அதை அருகிலேயே அமைத்திருந்த கலவை பிளாண்டுக்கு லாரியில் அனுப்பினார்கள். அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் எடுக்கவில்லை. நிலத்தை உழுவதைப் போல 12 அங்குல ஆழத்துக்கு இயந்திரத்தால் கிளறி, சிமென்ட்டும் சுண்ணாம்புச் சூளையில் மிஞ்சும் தூசியும் கலந்து, ஈரம் பார்த்து, ரோலரால் அடக்கினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு முழு ஆழ மீட்பு என்று பொருள்படும் பெயர். நெல் அறுத்த வயலை உழுது பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையைப் புதிதாக விளக்க வேண்டாம்.

இதற்கிடையில் பிளாண்டில் பழைய கலவையை நொறுக்கிச் சலித்து, நூற்றுக்கு இரண்டு பங்கு தாரும் ஒரு பங்கு சிமென்ட்டும் சேர்த்தார்கள். சூடு காட்டவில்லை. சாதாரணமாகத் தார்க்கலவை செய்யக் கல்லையெல்லாம் 150 டிகிரி அளவுக்கு வறுக்க வேண்டும். எரிபொருள் குடிக்கும் வேலை அது. இங்கே கல் குளிர்ந்தே இருக்கும். சூடான தாரை மட்டும் நுரையாக்கிக் கலப்பார்கள்.

"தாரு நுரைக்குமா?"

"அம்மா தாளிக்கும்போது எண்ணெயில ஒரு சொட்டுத் தண்ணி பட்டா என்ன ஆகும்?"

அதேதான். சூடான தாரில் அளந்து சிறிது குளிர்நீரைப் பீய்ச்சினால் நீர் நொடியில் ஆவியாகி, தார் பத்து மடங்குக்கும் மேல் பொங்கி நுரைக்கிறது. அந்தச் சில விநாடி நுரை பழைய ஜல்லியின் பொடியில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாடிஸ் சானி என்ற பேராசிரியர் 1956இல் நீராவியை வைத்து இதைச் செய்து காட்டினார். ஆவிக்குப் பதில் குளிர்நீர் போதும் என்று பின்னர் ஆஸ்திரேலியாவில் எளிதாக்கினார்கள். அப்படிச் செய்த கலவையைத் திரும்பக் கொண்டுவந்து, அடக்கிய அடித்தளத்தின் மேல் ஆறு முதல் எட்டு அங்குலம் பரப்பினார்கள். அதற்கும் மேலேதான் புதிய தார்த்தளம்.

கார்கள் ஓடும் இடது தடம் அவ்வளவு கெடவில்லை. அங்கே கலவையைப் பிளாண்டுக்கு எடுத்துப்போகவில்லை. இயந்திரம் நடந்துகொண்டே ஐந்து அங்குலம் சுரண்டி, தன் வயிற்றுக்குள்ளேயே நுரைத் தாரைக் கலந்து, பின்பக்கம் புதிதாகப் பரப்பிக்கொண்டே போனது. மூன்றாவது முறை அது.

வேலை நடந்தபோது கார்களை நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த 11ஆம் எண் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். லாரிகள் மட்டும் 81இல் மிச்சமிருந்த ஒரு தடத்தில் ஊர்ந்தன. குதிரை வண்டிக் காலத்துப் பாட்டன் சாலை, அறுவைச் சிகிச்சைக்குப் படுத்த பேரனின் சுமையைச் சில நாள் தாங்கியிருக்கிறது.

"ஆண்டுக்கணக்கா அளந்துக்கிட்டே இருக்காங்க மாமா. லாரி ஓடியும் சக்கரத் தடம் விழல. இதே கலவையை அலபாமாவில ஆபர்ன் பல்கலைக்கழகத்தோட 1.7 மைல் சோதனை வளையத்துல போட்டு, லாரியைச் சுத்தச் சுத்த ஓட்டிப் பார்த்தாங்க. அங்கேயும் தாங்குச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் தெரியவில்லை என்று நான் கோபப்பட்டேனே, அதுதான் அந்தச் சாலையின் சான்றிதழ்.

தெற்கே எட்டு மைலில் ரேஃபின் என்ற இடம். லாரிகள் இளைப்பாறும் பெரிய தலம் ஒன்று இருக்கிறது. தேநீர் வாங்கப் போன இடத்தில் தலைப்பாகையோடு ஒரு சர்தார்ஜி, ஜலந்தர் பக்கம். பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினோம். சாலை எப்படி என்று கேட்டேன். "நல்ல சாலையை நான் பார்த்ததே இல்லை. கெட்ட சாலையைத்தான் என் இடுப்புக்குத் தெரியும்" என்றார். பொறியாளன் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சைரஸ் மெக்கார்மிக்கின் பண்ணை. 1831இல் குதிரை இழுக்கும் கதிர் அறுக்கும் இயந்திரத்தை அவர் ஓட்டிக் காட்டியது இங்கேதான். மாவரைக்கும் ஆலை ஒன்றும் பட்டறையும் இன்னும் நிற்கின்றன. பல் வைத்த இயந்திரம் கதிரை அறுத்த அதே வட்டாரத்தில், 180 ஆண்டு கழித்துப் பல் வைத்த உருளை சாலையை அறுத்திருக்கிறது.

மதியம் நேச்சுரல் பிரிட்ஜ். சீடார் கிரீக் என்ற ஓடை சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குடைந்து, மேலே ஒரு வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. 200 அடிக்கும் மேல் உயரம். நம் கோயில் கோபுரங்களை எண்ணி அண்ணாந்து பார்த்தேன். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இந்தப் பாறையையும் சுற்றியுள்ள 157 ஏக்கரையும் 1774இல் தாமஸ் ஜெபர்சன் இங்கிலாந்து அரசரிடமிருந்து 20 ஷில்லிங்குக்கு வாங்கினார். 2016 முதல் மாநிலப் பூங்கா. வியப்பு அதற்கும் மேலே: அந்தப் பாறை வளைவின் உச்சியில் 11ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. கீழே நின்று பார்ப்பவர்களுக்கும் தெரியாது, மேலே காரில் போகிறவர்களுக்கும் தெரியாது.

ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கல் உண்டாகக் கோடிக்கணக்கான ஆண்டு. ஓடை அதைக் குடைய லட்சக்கணக்கான ஆண்டு. கிரஷரில் போட்டு ஜல்லியாக்க ஒரு நிமிடம்.

"ஒரு கணக்குச் சொல்லு. சாதாரண ரெண்டு வழித்தடம், ஒரு கிலோமீட்டர் நீளம், ஓரடி கனம். எவ்வளவு கல்லு?"

கைபேசியில் தட்டினான். "அஞ்சாயிரம் டன் மாமா. பத்து டன் லாரியில அஞ்ஞூறு லோடு."

திரிசூலம் மலை நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ரயிலில் போகும்போது பார்த்த மலை. பிறகு குவாரி தின்று பள்ளமாகி, பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நின்ற மலை. அந்தக் கல்லெல்லாம் எங்கே போனது? சென்னையின் வீடுகளுக்குள்ளும் தெருக்களுக்கு அடியிலும்தான் இருக்கிறது. சாலை என்பது படுத்துக் கிடக்கும் மலை. அதன்மேல் இன்னொரு மலையைக் கொண்டுவந்து கொட்டுவதைத்தான் நாம் சாலை போடுவது என்கிறோம்.

அங்கேயே என் தெருவுக்கும் கணக்குப் போடச் சொன்னேன். 300 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மூன்று படி உயரம் 45 சென்டிமீட்டர். விடை: ஏறத்தாழ 1,860 டன். அப்பா கட்டிய மூன்று படிகளை மூழ்கடித்த கல்லின் எடை அது.

தங்கத்தை நாம் இப்படி நடத்துவதில்லை. தங்கை அடகு வைத்த வளையல் மீண்டு வந்து, பிறகு மருமகளுக்கு நெக்லஸாக மாறியது. பழைய நகை அறுந்துவிட்டது என்று யாரும் குப்பையில் போடுவதில்லை. உருக்கிக் கொடுத்தால் செய்கூலி, சேதாரம் போகப் புது நகை. கல் தங்கமில்லைதான். ஆனால் புது மலை செய்ய எந்தப் பட்டறையும் கிடையாது.

அமெரிக்காவும் இந்த மறுபயன்பாட்டைத் தர்மமாக நினைத்துத் தொடங்கவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது தார் விலை ஏறியது. அப்போதுதான் பழைய சாலையிலும் தார் இருக்கிறதே என்று பரவலாகக் கண் திறந்தது. இன்று அந்த நாட்டில் சுரண்டி எடுக்கும் பழைய கலவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது கோடி டன் புதுக் கலவைகளுக்குள் போகிறது. இதற்கும் எல்லை உண்டு என்பதை மருமான் மறைக்கவில்லை. பழைய தார் வெயிலிலும் காற்றிலும் கிழடுதட்டி இறுகியிருக்கும்; அளவு மீறிச் சேர்த்தால் புதுச் சாலை வெடிக்கும். ஒவ்வொரு பர்லாங்குக்கும் சாலையின் உள்ளடக்கம் மாறும். அதனால் முதலில் துளை போட்டு மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் கலந்து பார்த்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். மருத்துவர் ரத்தம் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்பதைப் போல.

இருட்டிய பிறகு வடக்கே திரும்பினோம். 2019இல் மாநிலச் சட்டமன்றம் 81ஐ மேம்படுத்தப் பெரும் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்ததிலிருந்து, இங்கே ஆரஞ்சுப் பீப்பாய்கள் இல்லாத பயணம் இல்லையாம். உட்ஸ்டாக் அருகே ஒரு தடத்தை அடைத்திருந்தார்கள். வண்டிகள் ஊர்ந்தன. பகல் போல விளக்கு. அதன் நடுவே அது நின்றது: சுரண்டும் இயந்திரம். வயிற்றுக்கு அடியில் உருளை. உருளை முழுக்க கார்பைடு முனை வைத்த நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள். பல் சூடாகாமலும் தூசி பறக்காமலும் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. கடித்துக் குதறிய சாலை, நீண்ட கழுத்துப் போன்ற கன்வேயரில் ஏறி, முன்னால் நகரும் லாரியில் கறுப்பு மழையாகக் கொட்டியது. லாரி நிரம்பியதும் அடுத்தது வந்து நின்றது. ஒரு கை ஜல்லிகூட ஓரத்தில் கிடக்கவில்லை.

"தாத்தா, அது ரோட்டைச் சாப்பிடுதா?" தூக்கக் கலக்கத்தில் குழந்தை கேட்டாள்.

"ஆமாம் கண்ணு. பசு மாதிரி. அசை போட்டுட்டு மறுபடி தரும்."

சுரண்டிய தளத்தின் மேல் எங்கள் சக்கரம் ஏறியது. தளமெங்கும் மெல்லிய வரிவரியான தடங்கள். தம்புரா மீட்டியதைப் போல வண்டி ரீங்கரித்தது. அந்த ஓசை ஹெர்ண்டன் வரை காதில் இருந்தது.

ஊர் திரும்பிய அடுத்த மாசியில் எங்கள் தெருவுக்குச் சாலை போட வந்தார்கள். தமிழ்நாட்டில் விதி இல்லாமல் இல்லை. பழைய மேல்தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத் தளம் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021இல் அறிவுறுத்தினார். பழைய தார்ச்சாலையை எப்படி மறுபடி பயன்படுத்துவது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இலேயே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதற்கு ஐஆர்சி 120 என்று எண். இந்த முறை எங்கள் தெருவில் மில்லிங் இயந்திரம் வந்தது. சத்தம் கேட்டு, லுங்கியோடு வாசலுக்கு ஓடினேன். உட்ஸ்டாக்கில் பார்த்ததன் தம்பி. அதே பற்கள், அதே கழுத்து, அதே கறுப்பு மழை. நாலு சென்டிமீட்டர் சுரண்டினார்கள், நாலு சென்டிமீட்டர் போடப் போகிறார்கள். தெரு இனி ஏறாது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

நிரம்பிய டிப்பரின் ஓட்டுநரிடம் கேட்டேன். "தம்பி, இதெல்லாம் எங்க போகுது?"

"எங்கயாவது பள்ளம் ரொப்ப சார். கேக்கறவங்களுக்குக் கொட்டிட்டு வருவோம்."

பாதிப் பாடம் வந்துவிட்டது; மீதிப் பாதி டிப்பரில் ஏறிப் போய்விட்டது. சுரண்டக் கற்றுக்கொண்ட நாம், சுரண்டியது குப்பையில்லை என்பதை இன்னும் கற்கவில்லை. அந்த லாரியில் போனதும் நல்ல கருங்கல் ஜல்லிதான், எங்கேயோ ஒரு மலையிலிருந்து வெட்டியதுதான். அதற்குப் பதிலாக வரப்போவதும் இன்னொரு மலையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் சாலை போட வந்தால் வாசலுக்கு வந்து இரண்டே கேள்வி கேளுங்கள். எவ்வளவு ஆழம் சுரண்டுகிறீர்கள்? சுரண்டியது எங்கே போகிறது? முதல் கேள்வி உங்கள் வீட்டுப் படியைக் காக்கும். இரண்டாவது கேள்வி, நீங்கள் பார்த்தே இராத ஒரு மலையைக் காக்கும்.